ஆறு பல்லும் ஒரு துண்டும்

பேருந்து நிலையத்தில் மைக் பிடிக்கிறவளுக்கு முகம் கிடையாது, குரல்தான். பத்தொன்பது வருஷமாக அந்த ஊரில் ஆண், பெண், கிழவன், குழந்தை அத்தனை பேரும் அவள் சொன்னால்தான் வண்டி ஏறினார்கள். ஆனால் கடைவீதியில் எதிரே வந்தால், "கொஞ்சம் தள்ளும்மா" என்று இடித்துக்கொண்டு போவார்கள். நிலையத்து ஆட்கள் அவளை மைக் அக்கா என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தேழு. புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் மாமியாரும் கொழுந்தனும்.

மைக் அக்காவுக்குப் பல்லில்தான் கண்டம். மேல் வரிசையின் பின்பற்கள் போன வருஷமே விடைபெற்றுக்கொண்டன. அது யாருக்கும் தெரியவில்லை. இப்போது முன்பல் ஆறும் ஈறு வீங்கி ஆட ஆரம்பித்திருந்தன. "நான்காம் எண் நடைமேடை" என்று சொல்லும்போது குக்கர் மாதிரி ஒரு விசில் வந்தது. பல் இல்லாத அறிவிப்பாளரை நிலையத்தில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொலைந்த சாமான்கள் அறையில், ஒற்றைச் செருப்புகளுக்கும் உடைந்த குடைகளுக்கும் நடுவில் உட்கார வைப்பார்கள்.

ஊரில் நம்ம பக்கம் ஒரு பல் வைத்தியர் இருந்தார். ஆனால் அவர் நிலையத்து டைம்கீப்பருக்கு மச்சான். அங்கே போய் வாயைத் திறந்தால் ஊரே வாயைத் திறக்கும். அதனால் அக்கா ரகசியமாகப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

அந்தப் பக்கம் என்றால் அவங்க ஆளுங்க பக்கம். பேச்சு வேறு. பாலத்துக்கு இங்கே நின்று பேசுகிறவர்கள் "நம்ம ஆளுங்க", "அவங்க ஆளுங்க" என்பார்கள். அங்கே நின்று பேசுகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள், திசை மட்டும் மாறும். நாலு வருஷம் முன்பு வரை அக்கா இரண்டு மொழியிலும் வண்டி அறிவித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒரு கலவரம் வந்தது. யாரோ ஒரு நம்ம பெண்ணை அவங்க ஆள் தொட்டுவிட்டான் என்று கிளம்பியது. பதினோரு வீடு எரிந்தது. நம்ம பக்கத்திலிருந்து போனவர்கள் முதலில் தேடியது அங்கிருந்த பெண்களைத்தான். அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. தொடப்பட்ட அந்த நம்ம பெண் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பேர் தெரியாது, வீடு தெரியாது. அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே சந்தேகம். அன்றைக்கு மைக் அக்கா அறிவிப்பு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். மறுவாரம் இரண்டாவது மொழியில் அறிவிக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அதற்கும் சரி என்றாள். இந்த இரண்டும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தன.

பல் டாக்டரின் கிளினிக் பச்சை வண்ணம் அடித்த ஒரே அறை. கைப்பிடியில் பிளாஸ்டர் ஒட்டிய நாற்காலி ஒன்று, கழுவும் தொட்டி ஒன்று, சுவர் முழுக்க ஒரு அலமாரி. அலமாரியில் வரிசை வரிசையாகப் பல் அச்சு, எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பில் வார்த்த தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் குறிப்பு. மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் அக்கா படித்துப் பார்த்தாள். "துணிக்கடை, மேல் வரிசை." "பேக்கரி, கீழ் வரிசை." அதற்குப் பக்கத்தில், "மேடைப் பேச்சாளர், முன்பல் இரண்டு, கூட்டத்துக்கு முன் தேவை, அவசரம்." அடக் கடவுளே என்று நினைத்தாள். இது நம்ம கர்ஜனை அண்ணன் அல்லவா!

கர்ஜனை அண்ணன் என்றால் நம்ம பக்கத்துத் தலைவர். மேடை ஏறினால் அவங்க ஆளுங்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, அவங்க கடையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று முழங்குவார். முழங்குகிற வாய் எங்கே தயாரானது என்பது இப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் வந்து அந்த அச்சைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். "அதெல்லாம் பார்க்கக் கூடாதும்மா. பாதிப் பேர் உங்க பக்கந்தான். எல்லாரும் பின்வாசல் வழியா வருவாங்க, பின்வாசல் வழியா போவாங்க. நானும் யார்கிட்டயும் சொல்றதில்ல."

உதவிக்கு நின்ற பெண் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தப் பக்கத்துப் பெண். "எங்க அண்ணன் என்னை வேலைக்குப் போகாதேன்னு சொல்றான் அக்கா. உங்க ஆம்பளைங்க என்னைப் பார்க்கிறாங்களாம். அதுல எங்க இனத்துக்கே அசிங்கமாம். என் மூக்கு, என் முழி, இதுல இனம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். கதவைச் சாத்திட்டான். ஜன்னல் வழியா குதிச்சு வந்தேன்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். உதடு மரத்துப்போயிருந்தது, சிரிப்பு வரவில்லை.

அரை மணியில் ஆறு பல்லும் தட்டுக்கு வந்தன. டாக்டர் பஞ்சைத் திணித்தார். "போன தடவை அளவெடுத்த செட்டு ரெடியாத்தான் இருக்கு. ரத்தம் நிக்கட்டும், நாலு மணிக்கு வாங்க, மாட்டி விடறேன். ரெண்டு மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடிச்சுக்கணும். வாயைத் திறக்காதீங்க, துப்பாதீங்க. பேசவே பேசாதீங்க."

மைக் அக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். வாயை இறுக்கி மூடினாள். வீட்டிலிருந்து கொண்டுபோன வெள்ளைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பகல் ஒரு மணி வெயிலில் பாலத்தில் நடந்தாள். துண்டு பாதி சிவந்துவிட்டது. ஊசியின் மரமரப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வலியில் உயிர் போயிற்று. கண்ணில் தண்ணீர் தானாக ஊற்றியது.

பாலத்தின் நம்ம பக்கத்து முனையில் காவல் படை என்று ஒரு கூடாரம். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கொடி, பத்துப் பன்னிரண்டு வேலையில்லாத ஆம்பளைகள். அதில் ஒருவன் கொழுந்தன். முப்பத்திரண்டு வயது. சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்கக்கூட உடம்பு வளையாது. அண்ணி காய்ச்சலில் கிடந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் இல்லை.

"அண்ணி! என்ன ஆச்சு? ஐயோ, ரத்தம்!"

அக்கா பேசவில்லை. ஒண்ணுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

"யாரு பண்ணினா?"

அவள் பின்னால் கை காட்டினாள். அந்தப் பக்கம் டாக்டர் இருக்கிறார், அங்கே போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். அந்த ஒரு விரல்தான் எல்லா வினைக்கும் காரணம்.

"அவங்களா!" என்று கத்தினான் கொழுந்தன். கூடாரமே எழுந்து நின்றது. அக்கா பதறிப்போய் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். மறைக்கிறாங்க பாரு, மானம் போயிடும்னு மறைக்கிறாங்க என்றான் ஒருத்தன். பேனா கேட்டு, ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் "பல் எடுத்துக்கொண்டேன். வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். கொழுந்தன் படித்தான். அவன் கண் கலங்கியது. "இப்படி எழுதிக் கொடுக்கணும்னு மிரட்டி அனுப்பியிருக்காங்கடா!"

பாருங்கள் கூத்தை. ஆமாம் என்று தலையாட்டினால் நடந்தது. இல்லை என்று ஆட்டினால் மறைக்கிறாள். எழுதிக் கொடுத்தால் மிரட்டல். சும்மா நின்றால் அதிர்ச்சி. அவளிடம் கேட்கிறார்களே தவிர, பதில் அவர்களிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

கொழுந்தன் அவள் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினான். கூடாரத்துக் கம்பில் கட்டினான். வெள்ளையில் சிவப்பு. பார்க்க அசல் கொடி மாதிரியே இருந்தது. இரண்டு பேர் அக்காவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது மாடி வீட்டுக்குள் விட்டு, பாதுகாப்புக்கு என்று சொல்லி வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் தற்கொலை கிற்கொலை செய்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்படி மாமியாருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமியார் ஓவென்று அழுதாள். "எந்தப் பாவிடி உன்னை..." என்று ஆரம்பித்து மார்பில் அடித்துக்கொண்டாள். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். பஞ்சை எடுத்தாள், தொட்டியில் போட்டாள்.

"அத்தை, அழுகையை நிறுத்துங்க. பல் புடுங்கிட்டு வர்றேன்." ச, த, ந எல்லாம் காற்றாகப் போயின. ஆனாலும் மாமியாருக்குப் புரிந்தது.

"பல்லா?"

அக்கா வாயைத் திறந்து காட்டினாள்.

மாமியார் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கட்டிலே குலுங்கியது. "அடிப் பாவி! அந்தப் பச்சை ரூம் டாக்டரா? எனக்குக் கீழ் செட்டு அவர்தான்டி பண்ணினார். ஆறு வருஷமாச்சு. உன் புருஷனுக்குக்கூடத் தெரியாது!"

அப்போது தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. கர்ஜனை அண்ணனின் குரல். "நம் இனத்தின் மகள்! பதினேழு வயது இளந்தளிர்! கல்லூரிக்குப் போய் வந்த வழியில்! அவள் சிந்திய ரத்தம் நம் கொடியில் இருக்கிறது! அவள் உடல் நம் மண்! நாலு மணிக்குப் பாலத்தைக் கடப்போம்! அந்தத் தெருவில் ஒரு கதவுகூட மிஞ்சக் கூடாது!"

"யாருடி அது பதினேழு வயசு?" என்றாள் மாமியார்.

"நான்தான் அத்தை."

மாமியாரின் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வீடு இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஜன்னல் ஏறிக் குதித்து வேலைக்கு வந்த அந்தப் பெண் அக்காவின் கண்ணுக்கு முன்னால் நின்றாள். மணி மூன்றேகால்.

"அத்தை, நான் போகணும். போன தடவை காதைப் பொத்திக்கிட்டுப் படுத்துட்டேன். இந்தத் தடவை என் பேரைச் சொல்லியே எரிக்கப் போறாங்க. நான் படுத்துக்கிட்டு இருந்தா நானும் எரிச்ச மாதிரிதான்."

"பூட்டியிருக்கே."

"அதான் என்ன பண்றதுன்னு..."

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சாவியை எடுத்தாள். "என்னை வச்சுப் பூட்டின ஆம்பளை எல்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு. இவன் நான் பெத்தது. வாடி."

எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஜன்னல் கம்பி வழியாகச் சாவியைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஆட்டோ கிடைக்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது மணி நாலடிக்கப் பத்து நிமிஷம்.

பாலம் பேருந்து நிலையத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. அதனால் கூட்டம் முழுக்க நிலையத்துக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் மேடை, நான்காம் மேடை, எங்கே பார்த்தாலும் தலை. கையில் தடி, இரும்புக் குழாய், சிலரிடம் பெட்ரோல் கேன். ஒரு வண்டிக் கண்ணாடி அதற்குள் உடைந்திருந்தது. பாலத்தின் அந்த முனையிலும் கூட்டம், அங்கேயும் தடி. நம்ம ஆளுங்க வந்து பெண்களைத் தூக்கிப் போகப் போகிறார்கள் என்று அங்கே செய்தி. அவங்களும் அவங்க வீட்டுப் பெண்களை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு வந்து நின்றார்கள்.

"ரெண்டு பக்கமும் பூட்டு விக்கிறவனுக்கு இன்னிக்கு நல்ல வியாபாரம்" என்றாள் மாமியார்.

அக்கா கூட்டத்துக்குள் புகுந்தாள். கையில் அகப்பட்டவனைப் பிடித்தாள். "தம்பி, அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகல. பல் புடுங்கினேன்."

அவன் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். பரிதாபப்பட்டான். "அம்மா, நீங்க வருத்தப்படாதீங்க. அந்தப் பொண்ணுக்கு நியாயம் வாங்கத்தான் போறோம். நீங்க ஓரமாப் போய் நில்லுங்க."

"அந்தப் பொண்ணே நான்தாண்டா!"

"அவளுக்குப் பதினேழு வயசும்மா."

அடுத்தவன், அதற்கடுத்தவன். யாரும் நம்பவில்லை. தான் காப்பாற்றப் போகிற பெண்ணின் முகத்தில் நரைமுடியும் வீங்கிய கன்னமும் இருக்கும் என்று எவனும் எதிர்பார்க்கவில்லை. கொழுந்தன் ஒரு பேருந்தின் கூரை மேல் நின்று துண்டுக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "யாரு திறந்து விட்டது? இந்தக் கோலத்துல நாலு பேர் உங்களைப் பார்க்கக் கூடாது! அம்மா, கூட்டிட்டுப் போ!"

கர்ஜனை அண்ணன் கைமைக்கைத் தூக்கினார். கூட்டம் பாலத்தின் பக்கம் ஓரடி நகர்ந்தது.

அக்கா கூட்டத்துக்கு எதிராக நீந்தி, அறிவிப்பு அறைக்குப் போனாள். வாசலில் டைம்கீப்பர் சாவியோடு நின்றார்.

"சாவி குடுங்க சார்."

"அக்கா, நீங்க லீவு. ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கீங்க. லீவுல இருக்கறவங்க மைக்கைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்கே..."

அக்கா அவருக்கு முன்னால் வாயை அகலத் திறந்தாள். ஆறு ஓட்டை, ரத்தம் கட்டிய ஈறு. ஒரு மனுஷனுக்கும் காட்ட மாட்டேன் என்று எட்டு மாதமாகக் கட்டிக்காத்த ரகசியம். டைம்கீப்பர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் சாவியை நீட்டினார்.

அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்து நாற்காலி, அவள் உட்காருகிற இடம் அவள் அளவுக்கே பள்ளமாகியிருந்தது. எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் அத்தனை தடிகள். தொலைந்த சாமான்கள் அறை ஒரு கணம் ஞாபகம் வந்தது. போகட்டும் என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மணி ஒலித்தது, அந்த ஊர் கருவில் கேட்டு வளர்ந்த மணி.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு."

கூட்டம் நின்றது. பழக்கம் அப்படி. அந்தக் குரல் வந்தால் எவனுக்கும் கால் தானாக நிற்கும். ஆனால் குரலில் ஏதோ கோளாறு. விசிலும் கொழகொழப்பும். எல்லாரும் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்கள்.

"பாலத்தைக் கடக்கத் தயாராக இருக்கும் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது. பதினேழு வயசுப் பொண்ணு ஒண்ணும் கிடையாது. அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு வயசு நாப்பத்தேழு. கம்புல கட்டியிருக்கிறது எங்க வீட்டுத் துண்டு, அதுல இருக்கிறது என் பல் ரத்தம். பல் டாக்டர்கிட்ட நானே போனேன், நானே நாற்காலியில உட்கார்ந்தேன், நானே புடுங்கச் சொன்னேன். ஆறு பல். வேணும்னா வந்து எண்ணிக்குங்க."

எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து வாயைத் திறந்தாள். முன்வரிசையில் நின்ற நூறு பேரும் பார்த்தார்கள். பார்த்தவன் பின்னால் இருந்தவனுக்குச் சொன்னான். இந்தக் குரலா அது, நம்ம மைக் அக்காவா, நம்ம பஸ் அக்காவா என்று அலை மாதிரிப் பின்னால் போனது. பிறகு அவள் அதையே அந்தப் பக்கத்து மொழியிலும் சொன்னாள். நாலு வருஷமாக நாக்கின் அடியில் கிடந்த மொழி, ஒரு சொல்கூடத் தவறவில்லை. கூம்பு ஒலிபெருக்கிகள் அதைப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோயின. அந்த முனையில் உயர்ந்திருந்த தடிகள் கொஞ்சம் தாழ்ந்தன.

கர்ஜனை அண்ணன் விடுகிற ஆள் இல்லை. கைமைக்கைப் பிடித்தார். "கேட்டீர்களா! ஓர் அந்நியன் நம் பெண்ணின் வாயில் கை வைத்திருக்கிறான்! இது போதாதா?"

"கை வைக்காம பல்லை எப்படி அண்ணே புடுங்குவார்? காலாலயா?"

முதல் சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. பெட்ரோல் கேன் வைத்திருந்தவன்தான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

"டாக்டர் என்னை மன்னிக்கணும், இதைச் சொல்லக் கூடாதுன்னார். ஆனா கதவு எரியறதைவிட இது மேல்." அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி அறிவிக்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தாள். "மூன்றாம் எண் நடைமேடையில் இரும்புக் குழாயுடன் நிற்கும் துணிக்கடைக்காரர் கவனத்திற்கு. உங்கள் மேல் வரிசை தயாரானது நீங்கள் எரிக்கப் போகும் கிளினிக்கில். நான்காம் எண் நடைமேடையில் பேக்கரிக்காரர் கவனத்திற்கு. உங்கள் கீழ் வரிசையும் அங்கேதான். மேடைப் பேச்சாளர் ஒருவருடைய முன்பல் இரண்டு, கூட்டத்துக்கு முன் அவசரமாக, பின்வாசல் வழியாக..."

கர்ஜனை அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அதுதான் தப்பாகிவிட்டது. அவர் மட்டுமா, துணிக்கடை, பேக்கரி, யார் யாரோ ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கையால் வாயைப் பொத்தினார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. மாமியார் அந்தச் சமயம் பார்த்து ஒரு சிமெண்டு பெஞ்சில் ஏறி, தன் கீழ் செட்டைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "என்னுதும் அங்கதாண்டா! என்னையும் காப்பாத்தக் கிளம்புங்கடா!"

அவ்வளவுதான். பேருந்து நிலையமே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துத் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, கேனைப் பெஞ்சுக்கு அடியில் மெல்லத் தள்ளிவிட்டு நழுவினார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள். அப்புறம் ராகமில்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"இன்னும் ஒண்ணு. ஒருவேளை நிஜமாவே எனக்கு ஏதாவது நடந்திருந்தாலும், செஞ்சவனை நான் கை காட்டுவேன். அவனைப் பிடிங்க. அவன் தெருவுல இருக்கிற பொம்பளைங்க மேல என் பேரைச் சொல்லிக் கை வைக்காதீங்க. போன தடவை வச்சீங்க. யாருக்காகன்னு கேட்டா உங்களுக்கே தெரியாது. என் உடம்பு மண்ணும் இல்ல, மானமும் இல்ல. இது உடம்பு. வலிக்குது. இதுல வர்ற ரத்தத்தை எவனும் கொடி பண்ண நான் தர மாட்டேன். கொழுந்தனார் கூரையிலேருந்து இறங்கி என் துண்டைக் கொண்டுவந்து குடுக்கணும். இதுவே கடைசி அறிவிப்பு."

இதையும் இரண்டு மொழியில் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் பயணிகளாக வந்து மாட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கை தட்டினாள். பிறகு இன்னொருத்தி. கைதட்டல் பாலத்தின் அந்த முனையிலிருந்தும் கேட்டது. பூட்டிய வீடுகளின் ஜன்னல்களிலிருந்து என்று பிறகு தெரிந்தது.

கொழுந்தன் இறங்கி வந்தான். கம்பிலிருந்து துண்டை அவிழ்த்து, கண்ணைத் தரையில் போட்டபடி நீட்டினான்.

"அப்படியே குடுத்தா எப்படி தம்பி? கறை காயறதுக்கு முன்னால துவைச்சாத்தான் போகும்."

நிலையத்துக் குழாயடியில், அத்தனை பேர் முன்னிலையில், முப்பத்திரண்டு வயதில் முதல் முறையாக அவன் ஒரு துணியைத் துவைத்தான். மாமியார் பக்கத்தில் நின்று, "நல்லாக் கசக்குடா, பிழியறதுக்கு உனக்கு வலிக்குதா?" என்று மேற்பார்வை பார்த்தாள். இரண்டாவது அலசலில் அவன் அழுதுவிட்டான். "பயந்துட்டேன் அண்ணி. ரத்தத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன்." அது நிஜம்தான் என்று அக்காவுக்குத் தோன்றியது. "பயந்தா முதல்ல தண்ணி குடு. அப்புறம் கேளு. பதில் சொல்ற வரைக்கும் காத்திரு" என்றாள்.

கர்ஜனை அண்ணன் போன திசை யாருக்கும் தெரியவில்லை. கைமைக் மட்டும் பெஞ்சில் கிடந்தது.

அக்கா பாலத்தில் நடந்தாள். இரண்டு முனையிலும் கூட்டம் விலகி வழி விட்டது. யாரும் இடிக்கவில்லை. கிளினிக் வாசலில் உதவிப் பெண் நின்றிருந்தாள். உள்ளே வந்ததும் அக்காவைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் செட்டை எடுத்துக் கழுவினார். "என் நோயாளிகளை எல்லாம் மைக்கில சொல்லிட்டீங்களேம்மா" என்றார். பிறகு, "பரவாயில்ல. இனிமே முன்வாசல் வழியாவே வரட்டும்" என்றார்.

"சீக்கிரம் மாட்டுங்க டாக்டர். அஞ்சு பத்துக்கு நான் அறிவிக்க வேண்டிய வண்டி இருக்கு."

செட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே வெள்ளை.

மணி ஐந்து எட்டுக்கு அவள் அறிவிப்பு அறைக்குத் திரும்பினாள். ஈரத் துண்டு வாசல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே ஐந்து பத்து வண்டி நின்றது. இங்கேயிருந்தும் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து முண்டியடித்தார்கள், ஜன்னல் ஓரச் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். அவள் உட்கார்ந்து முதலில் நம்ம மொழியில் அறிவித்தாள். விசில் இல்லை. அடுத்த மொழிக்காக மூச்சை இழுத்தபோது டைம்கீப்பர் தலையை நீட்டினார்.

"அக்கா, கலவர நேரத்துல பேசினது சரி. இப்ப ரெண்டாவது மொழிக்கு உத்தரவு இல்லையே? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"வாய் என்னுதுன்னு சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு, புதுப் பல் பளிச்சென்று தெரியச் சிரித்து, அக்கா பொத்தானை அழுத்தினாள்.